சந்தனம் மணத்த எஞ்சின்

பாடி மேம்பாலத்தில் ஏறும்போது குட்டி யானை ஆவி விட்டது.

இனாயாவின் அம்மா வஹீதுன்னிசா அதே இடத்தில் வண்டியை ஓரம் கட்டி, சாவியைத் திருப்பி எஞ்சினை அணைத்தார். பின்னால் வந்த லாரிக்காரர் விடாமல் ஹாரன் அடித்தார். அம்மா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"ஊர் வரைக்கும் மெதுவா ஓட்டிட்டுப் போயிடலாமே அம்மா," என்றாள் இனாயா. அவளுக்குக் காலாண்டு விடுமுறை. அதனால் அம்மாவோடு லோடு ஏற்ற வந்திருந்தாள்.

"தண்ணி இல்லாம ஓட்டினா எஞ்சின் வெந்துடும். அப்புறம் நாம நடந்துதான் போகணும். இன்னைக்கு மட்டும் இல்ல, என்னைக்கும்."

குட்டி யானை என்று எல்லோரும் சொல்லும் அந்தச் சின்னச் சரக்கு வண்டியில்தான் அவர்கள் வீடு ஓடியது. கோயம்பேட்டிலிருந்து காய்கறி, மாதவரத்திலிருந்து ஓடு, யாராவது வீடு மாற்றினால் கட்டில், பீரோ. எது கிடைத்தாலும் அம்மா ஏற்றுவார். மூட்டை தூக்க ஆள் வராவிட்டால் தானே தூக்குவார். அவர் தோள்பட்டையில் மூட்டை அழுத்திய தடம் எப்போதும் இருக்கும்.

இப்போது முதல் முறையாக நிலையான வேலை ஒன்று கிடைத்திருந்தது. அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனி கேண்டீனுக்குத் தினமும் காய்கறி கொண்டுபோய் இறக்க வேண்டும். விஜயதசமிக்கு மறுநாள் காலையில் முதல் லோடு.

"முதல் நாளே வண்டி வரலைன்னா வேற வண்டி பாத்துப்போம்மா. கோவிச்சுக்காத," என்று கேண்டீன்காரர் முன்பே சொல்லிவிட்டார்.

தெரிந்த வண்டிக்காரர் ஒருவர் கயிறு கட்டி இழுத்துவந்து, கோவில்பதாகையில் இருக்கும் பரந்தாமன் ஷெட்டில் குட்டி யானையை விட்டுவிட்டுப் போனார்.

பரந்தாமன் சீட்டைத் தூக்கினார். குட்டி யானைக்கு எஞ்சின் சீட்டுக்கு அடியில்தான் இருக்கும். டார்ச் அடித்துப் பார்த்தார். பச்சைத் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"வாட்டர் பம்ப் போயிடிச்சும்மா. அதான் தண்ணி நிக்கல."

"மாத்திடலாமாண்ணே?"

"மாத்தலாம். ஆனா பம்பைச் சுத்தறதே டைமிங் பெல்ட்டுதான். அதைக் கழட்டாம இதைக் கழட்ட முடியாது. பெல்ட்டும் நைஞ்சு போயிகீது. ரெண்டையும் புதுசாப் போட்டுடலாம்."

"விஜயதசமிக்குள்ள முடியுமா?"

"இன்னைக்குக் கழட்டிடறேன். நாளைக்கு ஆயுத பூஜை. பூஜையில வெச்ச ஸ்பேனரை நான் தொட மாட்டேன். நாளானைக்குக் காலைல மொத வேலை உன் வண்டிதான்."

அம்மா விரலை மடக்கி நாளை எண்ணினார். பிறகு, "சரிண்ணே. நாளானைக்கு ஓடணும். அவ்வளவுதான்," என்றார்.

பெல்ட்டைக் கழற்றும் முன் பரந்தாமன் ஒரு டப்பாவைத் திறந்தார். ஆட்டோக்களுக்கு அடிக்கும் மஞ்சள் பெயிண்ட். குச்சியில் தொட்டு, பெல்ட் ஓடும் மேல் சக்கரத்தில் ஒரு புள்ளி, அதற்கு நேராக எஞ்சின் உடம்பில் ஒரு புள்ளி வைத்தார். கீழ்ச் சக்கரத்துக்கும் அப்படியே.

"அது எதுக்கு?" என்று இனாயா மெதுவாகக் கேட்டாள்.

பக்கத்தில் நின்ற திவ்யாவுக்கு இப்படிக் கேட்டால் போதும். அவள் பரந்தாமனின் மகள். இனாயாவோடு ஒரே வகுப்பு. கணக்கில் இனாயா கெட்டி. ஆனால் ஷெட்டுக்குள் வந்துவிட்டால் திவ்யாதான் டீச்சர்.

"நாம ஸ்கிப்பிங் ஆடறோம் இல்ல? கயிறு கீழ வரும்போது கால் மேல போவணும். ரெண்டும் ஒரே நேரத்துல கீழ வந்தா?"

"தடுக்கி விழுவோம்."

"எஞ்சினுக்குள்ளயும் அப்படித்தான். பிஸ்டன் மேல வரும்போது வால்வு விலகிக்கணும். எப்ப விலகணும்னு சொல்றதே இந்தப் பெல்ட்டுதான். மறுபடி மாட்டும்போது புள்ளிக்குப் புள்ளி நேரா இருக்கணும். பல்லு மாறி மாட்டினா ரெண்டும் முட்டிக்கும். வால்வு வளைஞ்சு, எஞ்சின் காலி."

"காலின்னா?"

"காலின்னா காலிதான். எடைக்குப் போட வேண்டியதுதான்."

இனாயா அந்த மஞ்சள் புள்ளியை ஒருமுறை பார்த்துக்கொண்டாள். ஆனால் மறுநாள் பொரி, கடலை, வாழை இலை, சாமந்தி என்று ஷெட் மணந்தபோது அது அவளுக்குச் சுத்தமாக மறந்துபோனது.

ஆயுத பூஜை அன்று ஷெட்டில் எல்லாவற்றையும் துடைத்தார்கள். ஜாக்கி, ஸ்பேனர், சுத்தியல், ஏர் பம்ப் என்று எதையும் விடவில்லை. பரந்தாமன் மாலை கட்டிக்கொண்டிருந்தார். திவ்யா சந்தனக் கிண்ணத்தோடு சுற்றினாள். ஒவ்வொன்றுக்கும் ஒரு சந்தனப் பொட்டு, அதன் மேல் குங்குமம்.

சீட்டைத் தூக்கியபடி நின்ற குட்டி யானையைப் பார்க்க இனாயாவுக்குப் பாவமாக இருந்தது. எல்லாம் பளபளவென்று இருக்கும்போது அது மட்டும் வயிற்றைத் திறந்துகொண்டு, எண்ணெய்ப் பிசுக்கோடு கிடந்தது.

"எங்க வண்டிக்கும் வை திவ்யா. அதுக்குத்தான் உடம்பு சரியில்ல."

"மொத தொடை. அழுக்கு மேல வெச்சா ஒட்டாது."

இனாயா பனியன் துணியை மண்ணெண்ணெயில் நனைத்தாள். கைக்கு எட்டியது மேல் சக்கரம் ஒன்றுதான். அதைத் தேய்த்துத் தேய்த்து முகம் தெரிகிற மாதிரி ஆக்கினாள். துணி கறுப்பாக வந்தது. கூடவே கொஞ்சம் மஞ்சளும் வந்தது. அவள் கவனிக்கவில்லை.

திவ்யா சக்கரத்தின் விளிம்பில் சந்தனப் பொட்டு வைத்தாள். குங்குமக் கிண்ணத்தில் விரலை விட்டாள். கிண்ணம் காலி.

"குங்குமம் தீந்துபோச்சு."

"பரவாயில்ல. சந்தனமே அழகாத்தான் இருக்கு," என்றாள் இனாயா.

பிறகு இருவரும் பொரி தின்னப் போனார்கள்.

விஜயதசமி காலை. பரந்தாமன் குளித்து, நெற்றியில் பட்டை போட்டுக்கொண்டு ஸ்பேனரைக் கண்ணில் ஒற்றி எடுத்தார். அம்மா முன்பே வந்து காத்திருந்தார். கேண்டீன்காரர் போனில் கேட்டதற்கு, "வந்துடுவேன் சார். நாளைக்குக் காலைல வண்டி உங்க வாசல்ல நிக்கும்," என்று உறுதியாகச் சொல்லியிருந்தார்.

பழைய பம்ப் இருந்த இடத்தைப் பரந்தாமன் சுரண்டிச் சுத்தம் செய்தார். தண்ணீர் கசியாமல் இருக்கப் புது பேக்கிங்கை வைத்து, புது பம்பைப் பொருத்தினார். போல்ட்டுகளை ஒரேயடியாக முறுக்காமல், மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக முறுக்கினார். பிறகு பெல்ட்டை எடுத்தார்.

"அப்பா, நல்ல நேரம் முடியப் போவுது," என்று திவ்யா நாள்காட்டியைப் பார்த்துச் சொன்னாள். "அப்புறம் ராகு காலம்."

"ஐயே, மொத வேலையை ராகு காலத்துலயா ஸ்டார்ட் பண்றது?" பரந்தாமனின் கைகள் வேகம் எடுத்தன. மேல் சக்கரத்தைத் திருப்பினார். மஞ்சள் புள்ளி எஞ்சின் உடம்பில் இருந்த மஞ்சள் புள்ளிக்கு நேராக வந்தது. கீழேயும் நேர். பெல்ட்டை மாட்டி, அதை விறைப்பாகப் பிடிக்கும் டென்ஷனரைத் தள்ளி இறுக்கினார். ரேடியேட்டரில் அவசரமாகத் தண்ணீர் ஊற்றினார்.

"கையால ரெண்டு சுத்து சுத்திப் பாக்கணும்னு சொல்வியேப்பா?"

"மார்க்கு அளவெடுத்த மாதிரி கீது. போ, போயி டயருக்கு எலுமிச்சம்பழம் வை."

திவ்யா ஓடிப்போய் முன் சக்கரத்தின் கீழ் ஒரு எலுமிச்சம்பழத்தை வைத்தாள். அம்மா வெளியே நின்றபடியே சாவியை எடுத்துப் பூட்டில் சொருகினார்.

சீட்டுக்கு அந்தப் பக்கம் நின்ற இனாயா எஞ்சினுக்குள் எட்டிப் பார்த்தாள். புது பம்ப், புது பெல்ட், பளபளக்கும் சக்கரம். தான் துடைத்த சக்கரம். டீசல் வாடை மூக்கில் ஏறியது. அதோடு இன்னொரு வாசமும் வந்தது.

அவள் இன்னும் கொஞ்சம் குனிந்தாள். மஞ்சள் புள்ளிக்குக் கிட்டே மூக்கைக் கொண்டுபோனாள்.

ஆட்டோ பெயிண்ட் எப்படி நாறும் என்று அவளுக்குத் தெரியும். இது நாறவில்லை. மணத்தது.

"தள்ளி நில்லு இனாயா," என்று சொல்லிக்கொண்டே அம்மா சாவியில் கை வைத்தார்.

இனாயா பாய்ந்து சாவியை உருவிக்கொண்டாள்.

அம்மா வெறும் பூட்டைப் பார்த்தார்.

"என்ன விளையாட்டு இது? சாவியைக் கொடு," என்றார் அம்மா.

"மாட்டேன்."

"இனாயா."

"அடிச்சாலும் தர மாட்டேன். மார்க்குல சந்தன வாசம் வருதும்மா."

பரந்தாமன் சிரித்துவிட்டார். "இன்னா பாப்பா, எஞ்சினுக்கு சாமி வந்துகீதா? நேரம் போவுது. குடுத்துடு கண்ணு."

இனாயா சாவியை முதுகுக்குப் பின்னால் வைத்து இறுக்கிப் பிடித்தாள். எதிரே திவ்யா நின்றாள். அவளுக்குப் புரிந்துவிட்டது. முகம் வெளுத்துப்போய், சொல்லாதே என்பது போலக் கண்ணாலேயே கெஞ்சினாள். பரந்தாமனுக்குக் கோபம் வந்தால் ஷெட்டில் இருக்கிற பூனைகூட வெளியே போய்விடும். இனாயாவுக்கும் அது தெரியும்.

"நேத்து அந்தச் சக்கரத்தை நான்தான் மாமா துடைச்சேன்," என்றாள் இனாயா. "மண்ணெண்ணெய் போட்டு. உங்க பெயிண்ட்டு போயிடுச்சு. இப்ப இருக்கறது பெயிண்ட்டு இல்ல. மோந்து பாருங்க. அப்புறம் சாவி தரேன்."

பரந்தாமனின் சிரிப்பு நின்றது. குனிந்தார். மோந்தார். விரலை எச்சிலில் நனைத்துப் புள்ளியைத் தொட்டார். புள்ளி விரலோடு வந்துவிட்டது.

அவர் அந்த விரலையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"பொட்டு வெச்சது நானுப்பா," என்றாள் திவ்யா. "குங்குமம் தீந்துபோச்சு. அதான் மஞ்சளாவே விட்டுட்டேன்."

இனாயா நகர்ந்து அவள் பக்கத்தில் போய் நின்றுகொண்டாள். இடி விழுந்தால் இரண்டு பேர் தலையிலும் விழட்டும் என்று நினைத்தாள்.

இடி விழவில்லை. பரந்தாமன் ஒரு பழைய டயரின் மேல் உட்கார்ந்தார்.

"ஸ்டார்ட் பண்ணியிருந்தா..." என்றார். அம்மாவைப் பார்த்தார். அம்மா மகளின் மூடிய கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சரி," என்றார் அம்மா. புடவைத் தலைப்பை இழுத்து இடுப்பில் சொருகினார். "எஞ்சின் நல்லாத்தானே இருக்கு? இன்னும் எதுவும் முட்டல. எந்திரிங்கண்ணே. சரியான இடம் எதுன்னு எப்படிக் கண்டுபிடிக்கறது?"

"கம்பெனிக்காரனே சக்கரத்துல ஒரு சின்னக் குழி குத்தியிருப்பான். ஊசி முனை மாதிரி. லேசுல கண்ணுக்கு ஆப்டாது. அதான் ஒருக்கா ஆப்ட உடனே அது மேலயே நான் பெயிண்ட்டு வெக்கறது."

"கண்ணுக்குத் தெரியலைன்னா கையால தடவிப் பாக்கறது."

பரந்தாமன் முதலில் பேட்டரி வயரைக் கழற்றி ஓரமாக ஒதுக்கினார். "யாரு கை வெச்சாலும் மொத இதான்," என்றார். பெல்ட்டையும் கழற்றினார். பிறகு சக்கரத்தைத் தடவிப் பார்த்தார். முப்பது வருஷம் இரும்பைப் பிடித்துப் பிடித்து அவர் விரல் நுனிகள் தோல் செருப்பு மாதிரி ஆகிவிட்டிருந்தன. அவருக்கு எதுவும் தட்டுப்படவில்லை. அம்மா தடவிப் பார்த்தார். மூட்டை தூக்கும் கை. அதுவும் காய்த்துப்போன கைதான்.

"நான் பாக்கறேன்," என்றாள் இனாயா.

சாவியை அம்மாவிடம் கொடுத்தாள். அவள் உள்ளங்கையில் சாவியின் பற்கள் பதிந்திருந்தன.

அம்மா போன் வெளிச்சத்தைப் பிடித்தார். திவ்யா துணியால் ஒவ்வொரு இடமாகத் துடைத்துக் கொடுத்தாள். இனாயா கண்ணை மூடிக்கொண்டு, சுண்டு விரல் நகத்தால் சக்கரத்தின் விளிம்பை வருடிக்கொண்டே போனாள்.

"இதோ."

பரந்தாமன் பார்த்தார். "அது கீறல்."

மறுபடி ஆரம்பித்தாள்.

"இது?"

"துரு."

"நீ நேத்து சரியாத் தொடைக்கல," என்றாள் திவ்யா.

"அதிகமாத் துடைச்சதாலதான்டி இப்ப இந்த வேலை."

திவ்யாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. காலையிலிருந்து இப்போதுதான்.

இனாயாவின் முழங்கை வலித்தது. நகத்துக்குள் கறுப்பு ஏறியது. கை மரத்துப்போனால் உதறிவிட்டு, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தாள். "கொஞ்சம் உக்காரு," என்று அம்மா சொன்னதற்கு, "உக்காந்தா எந்தப் பல்லுல விட்டேன்னு மறந்துடும்," என்றாள்.

நகம் ஒரு இடத்தில் டக்கென்று இறங்கியது.

அவள் நகத்தை அங்கேயே வைத்துக்கொண்டாள். பரந்தாமன் அந்த இடத்தைத் துடைத்து, கண்ணைச் சுருக்கிப் பார்த்தார்.

"ஆப்டுச்சு. இதான்."

சந்தனப் பொட்டு இருந்த இடத்துக்கும் அந்தக் குழிக்கும் நடுவில் இரண்டு பல் இருந்தது. இரண்டே பல்தான். பரந்தாமன் அதை எண்ணிப் பார்த்துவிட்டுத் தலையில் தட்டிக்கொண்டார்.

"நேரத்தைப் பாத்தேனே ஒழிய சக்கரத்தைப் பாக்கல," என்று முணுமுணுத்தார். பிறகு திவ்யாவிடம் திரும்பினார். அவள் ஒரு அடி பின்னால் போனாள்.

"இன்னாத்துக்கு ஓடற? நீ பொட்டு வெச்சது தப்பு இல்ல. ரெண்டு ரூவா குங்குமம் கூட ஒரு பொட்டலம் வாங்காம வுட்டேன் பாரு, அதான் தப்பு. செவப்பா இருந்திருந்தா எனக்கே தெரிஞ்சிருக்கும்."

இந்த முறை அவர் அவசரப்படவில்லை. குழியை எஞ்சின் உடம்பில் இருந்த புள்ளிக்கு நேராகக் கொண்டுவந்தார். கீழ்ச் சக்கரத்தின் குழியையும் தேடிப் பார்த்தார். பெல்ட்டை மாட்டி இறுக்கினார். கீழ்ச் சக்கரத்தின் போல்ட்டில் நீளமான ஸ்பேனரைப் போட்டு, கையால் மெதுவாகச் சுற்றினார். ஒரு சுற்று. இரண்டு சுற்று. எங்கேயும் முட்டவில்லை. குழி மறுபடியும் அதே இடத்தில், புள்ளிக்கு நேராக வந்து நின்றது.

"பாப்பா, நீயும் ஒருக்கா பாத்துடு. உன் மூக்கு சரின்னு சொன்னாத்தான் சாவி."

இனாயா குனிந்து மோந்தாள். "டீசல் மட்டும்தான் வருது மாமா."

பெல்ட்டை மறைக்கும் மூடியை மாட்டினார்கள். ரேடியேட்டரில் தண்ணீர் குறைந்திருந்தது. நிதானமாக ஊற்றி நிரப்பினார்கள். அடியில் காகிதம் விரித்து, சொட்டு விழுகிறதா என்று பார்த்தார்கள். விழவில்லை. பேட்டரி வயரை மாட்டினார்கள்.

அம்மா சீட்டை இறக்கி, ஏறி உட்கார்ந்து சாவியைப் போட்டார்.

"அப்பா," என்றாள் திவ்யா, நாள்காட்டியைப் பார்த்தபடி. "இப்ப ராகு காலம்."

"எஞ்சினுக்கு அது தெரியாது. நீ போய்ச் சொல்லாதே."

அம்மா சாவியைத் திருப்பினார்.

குட்டி யானை ஒரு தடவை கனைத்தது. அப்புறம் தடதடவென்று சீராக ஓட ஆரம்பித்தது. யாரும் கை தட்டவில்லை. எல்லோரும் காதைக் கொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். சூடு காட்டும் முள் மெல்ல ஏறி, நடுவில் வந்து, அங்கேயே நின்றது. காகிதம் காய்ந்தே இருந்தது.

"ஓடுதுண்ணே," என்றார் அம்மா. போனை எடுத்து கேண்டீன்காரரை அழைத்தார். "சார், வஹீதா பேசறேன். நாளைக்குக் காலைல தக்காளி எத்தனை பெட்டி வேணும்? சொல்லுங்க."

இனாயா அம்மாவின் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தாள். அம்மா கறுப்பு ஏறிய அவள் சுண்டு விரலைப் பிடித்து, தன் புடவைத் தலைப்பால் துடைத்துவிட்டார். பிறகு கியரைப் போட்டார்.

"இரு, இரு," என்று திவ்யா ஓடிவந்தாள். கையில் சந்தனக் கிண்ணம். இன்னொரு கையில் பக்கத்துக் கடையில் வாங்கிய புதுக் குங்குமப் பொட்டலம். முன் கண்ணாடியின் ஓரத்தில் ஒரு பொட்டு வைத்தாள். அதன் மேல் அழுத்தமாகச் சிவப்பு வைத்தாள். "இதை யாரும் மார்க்குன்னு நெனைக்க மாட்டாங்க."

வண்டி நகர்ந்தது. முன் சக்கரத்தின் கீழே பச்சக் என்று ஒரு சத்தம். எலுமிச்சம்பழம்.

அன்று அந்த ஷெட்டில் நசுங்கியது அது ஒன்றுதான்.